தூங்கி எழுந்தும் தீராத அசதி!

ரயில், ஷிப்ட், வீட்டு வேலை... கூடுவாஞ்சேரி வட்டாரத்தில் களைப்புக்குக் காரணம் சொல்வது சுலபம். அந்தக் காரணங்களுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நோய்கள் எவை?

காலை ஆறே முக்கால். கூடுவாஞ்சேரி ரயில் நிலைய நடைமேடையில் லேடீஸ் கம்பார்ட்மெண்ட் எங்கே வந்து நிற்கும் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கால்கள் தாமாகவே அங்கே போய் நிற்கின்றன. செங்கல்பட்டிலிருந்து வரும் பீச் ட்ரெயின் நிரம்பித்தான் வருகிறது. ஜன்னலோரம் இடம் கிடைத்தவர் ஊரப்பாக்கம் வருவதற்குள் கண்ணயர்ந்துவிடுகிறார். வண்டலூர் தாண்டும்போது எதிர் இருக்கையில் மூன்று தலைகள் தொங்குகின்றன. பெருங்களத்தூரில் நெரிசல் கூடுகிறது. மேல் கம்பியைப் பிடித்த கையிலேயே நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, நின்றபடி தூங்குகிறார் ஒரு பெண். மணி இன்னும் ஏழரை ஆகவில்லை. இவர்கள் எல்லோரும் இரவு முழுக்கத் தூங்கி எழுந்து வந்தவர்கள்.

“ஒன்பதரைக்கே படுத்துட்டேன்க்கா. நல்லாத்தான் தூங்கினேன். எழுந்தா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு” என்று ஒருவர் சொன்னால், பக்கத்திலிருந்து உடனே பதில் வரும். “தெனம் இந்த ட்ரெயின்ல போய் வந்தா அசதியா இல்லாம எப்படிம்மா இருக்கும்?”

அந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது. அது ஆறுதலாகச் சொல்லப்படுவது, பொய்யும் அல்ல. கூடுவாஞ்சேரியிலிருந்து சென்னைக் கடற்கரை நிலையம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வர அதே நேரம். ஆனால் இப்படி எல்லோருக்கும் களைப்பாக இருக்க நியாயம் உள்ள ஊரில், நோயால் வரும் களைப்பைத் தனியே யாரும் பார்ப்பதில்லை. மூச்சுத் தடை, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே ‘ட்ரெயின் அசதி’ என்ற ஒரே பெயரில் வருடக்கணக்கில் ஓடுகின்றன.

படுத்த நேரம் வேறு, தூங்கிய நேரம் வேறு

முதலில் எளிய கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து மணிக்குப் படுக்கிறோம். போன் கையில் இருக்கிறது. ஒரு ரீல்ஸ், இன்னொரு ரீல்ஸ் என்று பதினொன்றே கால் ஆகிவிடுகிறது. நாலரைக்கு அலாரம். கேட்டால் ‘பத்து மணிக்கே படுத்துட்டேன்’ என்போம். உண்மையில் கிடைத்தது ஐந்தே கால் மணி நேரம்.

அந்த ஐந்தே காலும் உடையாமல் கிடைக்கிறதா? ஜி.எஸ்.டி. ரோடும் ரயில் பாதையும் அருகருகே ஓடுகிற ஊர் இது. நள்ளிரவிலும் தென்மாவட்ட பஸ்களும் எக்ஸ்பிரஸ் ரயில்களும் ஹாரன் அடித்துக்கொண்டு போகின்றன. குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலி அளவு 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. சாலையோரத்து வீடுகளில் குடியிருப்பவர்கள் அந்த விதியைக் கேட்டால் பெருமூச்சுதான் விடுவார்கள். ‘பழகிடுச்சு’ என்கிறோம். காது பழகுகிறதே தவிர, மூளை முழுதாகப் பழகுவதில்லை. ஒவ்வொரு பெரிய சத்தத்துக்கும் சில விநாடிகள் ஆழ்ந்த நிலையிலிருந்து மேலே வந்துவிட்டுத் திரும்பவும் இறங்குகிறது. காலையில் அது எதுவும் நினைவில் இருப்பதில்லை, களைப்பு மட்டும் மிஞ்சுகிறது. மே மாதத்தில் மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீடுகளில் இரவு ஒரு மணி வரை கூரை அனல் கக்கும். நடுவில் கரண்ட் போனால் ஏரிப்பக்கத்துக் கொசுக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

மாலை காபிக்கும் இதில் பங்கு உண்டு. குடித்த காஃபீனில் பாதி உடலை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆறரை மணிக்கு வீடு திரும்பியதும் குடிக்கும் ஸ்ட்ராங் காபியின் பாதி, பதினொன்றரைக்கும் உள்ளே இருக்கிறது. மதுவின் கதை வேறு. சீக்கிரம் தூங்க வைத்துவிட்டுப் பின்னிரவைத் துண்டு துண்டாக்கிவிடும்.

■ பெட்டிச் செய்தி: எவ்வளவு போதும்?
பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்புகள் 2015-ல் சேர்ந்து வெளியிட்ட பரிந்துரை. ஒரு தூக்கச் சுற்று ஏறத்தாழ 90 நிமிடங்கள். ஓர் இரவில் நான்கைந்து சுற்றுகள். உடலைச் சீரமைக்கும் ஆழ்ந்த தூக்கம் முன்னிரவில் அதிகம், கனவுத் தூக்கம் பின்னிரவில் அதிகம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணி வரை தூங்கிக் கணக்கை நேர் செய்ய முயன்றால், உடல் கடிகாரம் பின்னால் தள்ளிப் போய் திங்கள் காலை இன்னும் கொடுமையாகும்.

நேரத்தையும் சத்தத்தையும் காபியையும் சரிசெய்து இரண்டு மூன்று வாரம் பார்த்தும் அசதி போகவில்லை என்றால், அதற்குப் பிறகும் ரயிலைக் குறை சொல்வதில் பயனில்லை.

‘குறட்டை விட்டுத் தூங்குறார், குடுத்து வச்சவர்!’

நம் வீடுகளில் குறட்டைக்குக் கிடைக்கும் மரியாதையே தனி. நன்றாக உழைத்தவன், கவலை இல்லாதவன், ஆழ்ந்து தூங்குகிறவன் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்கிறோம். பல நேரங்களில் உண்மை நேர் எதிரானது.

பக்கத்தில் படுத்திருக்கும் மனைவியைக் கேட்டால் சரியாகச் சொல்வார். குறட்டை ஏறிக்கொண்டே போகும். திடீரென்று நிற்கும். அறையே அமைதியாகிவிடும். நெஞ்சும் வயிறும் மேலும் கீழும் இழுக்கும், மூக்கில் காற்று வராது. அவர் பதறிப்போய் உலுக்கலாமா என்று கை நீட்டும்போது, ‘ஹக்’ என்ற சத்தத்தோடு மூச்சு திரும்பும், மறுபடி குறட்டை தொடங்கும். தூங்கியவருக்கு இது எதுவும் தெரியாது. ‘ராத்திரி செம தூக்கம்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்திருப்பார், பத்து மணிக்கு ஆபீஸ் மீட்டிங்கில் கண் சொக்கும்.

இதுதான் ஸ்லீப் ஆப்னியா எனப்படும் தூக்க மூச்சுத் தடை. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. ஏற்கெனவே குறுகலான தொண்டையாக இருந்தால், மூச்சை இழுக்கும்போது நனைந்த பேப்பர் ஸ்ட்ரா ஒட்டிக்கொள்வது போல அந்தப் பாதை மூடிக்கொள்கிறது. 10 விநாடியாவது மூச்சு நின்றால் அது ஒரு தடை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைகிறது, மூளை அபாய மணி அடித்து ஒரு கணம் விழிக்க வைக்கிறது, தொண்டை திறக்கிறது. மணிக்கு 5 முதல் 15 தடைகள் என்றால் லேசானது, 30-க்கு மேல் என்றால் கடுமையானது. மணிக்கு 30 என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு மணி நேரத்தில் 210 முறை. ஓர் இரவில் 210 முறை தட்டி எழுப்பப்பட்ட ஒருவர் காலையில் தெம்பாக எழுவார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் சுமார் 11 சதவிகிதம் பேருக்கு இந்தத் தடை இருக்கிறது. உழைக்கும் வயதில் மட்டும் 10.4 கோடிப் பேர். குண்டாக இருப்பவர்களுக்குத்தான் வரும் என்பதும் முழு உண்மையல்ல. தாடை சிறியதாகவோ உள்வாங்கியோ இருக்கும் ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் வரும், ஆசியர்களிடம் இது கூடுதல். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் அபாயம் உயர்கிறது. ஆனால் அவர்கள் டாக்டரிடம் குறட்டையைப் பற்றிச் சொல்லக் கூச்சப்பட்டு ‘அசதி’ என்று மட்டுமே சொல்வதால் கண்டுபிடிப்பது தள்ளிப்போகிறது.

இதயத்தின் மேல் இரவெல்லாம் விழும் இந்தச் சுமையின் விலை பெரியது. மூன்று மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தத்துக்குப் பின்னால் பலமுறை இதுதான் இருக்கிறது. இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதைச் சர்க்கரை என்றும் புராஸ்டேட் என்றும் நினைத்து அலைபவர்களில் சிலருக்கும் உண்மைக் காரணம் இதுவே. மூச்சுத் தடையால் இதயம் அழுத்தப்படும்போது, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோன் சுரக்கிறது.

நல்ல செய்தியும் உண்டு. 1981-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஒரு வழியை வெளியிட்டார். மூக்கில் மாஸ்க் பொருத்தி மெல்லிய அழுத்தத்தில் காற்று செலுத்தினால் தொண்டை மூடாது. அதுதான் இன்றைய சி-பேப் மெஷின். முதல் சில நாட்கள் மாஸ்க்கோடு தூங்குவது எரிச்சலாக இருக்கும். ஒத்துக்கொண்டவர்கள் பிறகு அதை ஊருக்குப் போகும்போதும் பையில் எடுத்துப் போகிறார்கள். விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை என்பது வருத்தமான உண்மை. எடை குறைப்பதும் ஒருக்களித்துப் படுப்பதும் மதுவை விடுவதும் லேசான தடைகளுக்கே பெரிதும் உதவும்.

■ பெட்டிச் செய்தி: எட்டுக் கேள்விகள்
கனடாவின் டொரன்டோ மருத்துவர்கள் 2008-ல் தொடங்கிவைத்த எளிய சோதனை இது. சத்தமான குறட்டை உண்டா? பகலில் அசதியா? மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா? ரத்த அழுத்தம் உண்டா? உடல் பருமன் மிக அதிகமா? வயது 50-க்கு மேலா? கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா? ஆணா? மூன்று ‘ஆமாம்’ வந்தாலே டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐந்தோ அதற்கு மேலோ என்றால் தாமதிக்கவே கூடாது. தூக்க ஆய்வை மருத்துவமனையில் ஓர் இரவு தங்கியோ, சிறு கருவியை வீட்டுக்கு எடுத்துப் போயோ செய்துகொள்ளலாம்.

பல்பம் தின்னும் பெண்கள்

மறுபடி லேடீஸ் கம்பார்ட்மெண்ட். அங்கே நின்றபடி தூங்குகிறவர்களில் எத்தனை பேருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பு தெரியும்?

2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. ஆண்களில் 15.2 சதவிகிதம். இரண்டில் ஒரு பெண் என்றால் அது விதிவிலக்கு அல்ல, அதுவே வழக்கம். எல்லோருக்கும் இருப்பதால் யாருக்கும் இருப்பதாகத் தெரிவதில்லை. படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ‘வயசாகுது’. தலைமுடி கொட்டுகிறதா? ‘தண்ணி சரியில்ல’. இரவில் கால் குடைச்சலில் புரண்டு புரண்டு படுக்கிறாரா? ‘நாள் பூரா நின்ன வேலை’. மூன்றுக்கும் இரும்புச்சத்துக் குறைவு காரணமாக இருக்கலாம். காலை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும் அந்தக் குடைச்சலுக்கு இரும்புச்சத்தோடு நேரடித் தொடர்பு உண்டு.

இன்னொரு அறிகுறி நம் ஊரில் ரகசியமாகவே இருக்கிறது. பச்சரிசியை அள்ளி வாயில் போடுவது, குழந்தையின் பையிலிருந்து பல்பத்தை எடுத்துக் கடிப்பது, விபூதியைச் சிட்டிகை சிட்டிகையாகத் தின்பது. மாமியார் பார்த்தால் திட்டுவார் என்று சமையலறை மூலையில் நின்று தின்பார்கள். உணவல்லாததைத் தின்னத் தூண்டும் இந்த ஆசையை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக மருத்துவம் நீண்ட காலமாகவே அறியும். இதைச் சொல்ல வெட்கப்படவே வேண்டாம். டாக்டருக்கு இது முக்கியமான துப்பு.

ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்பு மாத்திரை இலவசம். பிரச்னை அதை விழுங்குவதில்தான். மலம் கறுப்பாகப் போகிறது, வயிறு கட்டுகிறது என்று பத்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும். மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உடனே பின்னால் டீ குடித்தால் அதிலுள்ள டானின் இரும்பைக் கட்டிப்போட்டுவிடும். நெல்லிக்காயும் எலுமிச்சையும் உள்ளே கொண்டு சேர்க்கும். முருங்கைக்கீரையையும் கேழ்வரகையும் நம் பாட்டிமார் சொன்னது சரிதான், அசைவம் சாப்பிடுகிற வீடுகளில் ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வதக்கித் தந்ததும் சரிதான். ஆனால் ஹீமோகுளோபின் 8-க்கு இறங்கியவருக்குக் கீரை மட்டும் போதாது.

மாத்திரை தந்து அனுப்புவதோடு நிற்கவும் கூடாது. மாதாமாதம் ஏழெட்டு நாள் உதிரப்போக்கு இருந்தால் கர்ப்பப்பைக் கட்டி உண்டா என்று பார்க்க வேண்டும். ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ ரத்தசோகை வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மூலம், வயிற்றுப் புண், குடல் புற்றுநோய் என்று எங்கிருந்தோ ரத்தம் கசிந்துகொண்டிருக்கலாம்.

இதோடு வேலைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019-ல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் இந்தியப் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடங்கள். இட்லி ஊற்றி, டப்பா கட்டி, மோட்டார் போட்டு, வாசல் தெளித்துவிட்டு ரயிலேறும் பெண்ணுக்கு ரத்தமும் குறைவாக இருந்தால், அவருக்கு ‘சீக்கிரம் படு’ என்று அறிவுரை சொல்வது நியாயமே இல்லை. யார் பாத்திரம் தேய்ப்பது என்பதும் மருத்துவக் கேள்விதான்.

மாத்திரை மேல் காபி

சென்னை உட்பட எட்டு நகரங்களில் நடந்து 2013-ல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய 11 சதவிகிதம் பேருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு தெரிந்தது. எவ்வளவு தூங்கினாலும் மசமசப்பு, கூடும் எடை, வறண்ட தோல், மலச்சிக்கல், எல்லோரும் மின்விசிறி கேட்கும்போது இவருக்கு மட்டும் குளிர் என்று அது மெதுவாக வரும். டி.எஸ்.எச். என்ற ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரை தொடங்கியும் அசதி போகவில்லை என்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெறும் வயிற்றில் மாத்திரை, அது உள்ளே இறங்குவதற்குள் டிகாக்‌ஷன் காபி என்பது நம் வீட்டுப் பழக்கம். காபி அந்த மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கிறது. அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

சர்க்கரையைப் பற்றித் தமிழ்நாட்டில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. இதிலும் முதலில் தெரிவது பல நேரம் அசதியும் இரவுச் சிறுநீரும்தான். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து, கை கால் மரத்துச் சோர்வு வரலாம். முழுச் சைவர்களுக்கும் அப்படியே. சளிக்கும் அரிப்புக்கும் மெடிக்கலில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள் மறுநாள் மதியம் வரை தள்ளாட வைக்கும். எதைச் சாப்பிடுகிறோம் என்ற பட்டியலை டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

பகலில் தூங்குகிற வீடுகள்

ரயில் நிலையத்துக்கு எதிர்த்திசையில் இன்னொரு கூட்டம். ஜி.எஸ்.டி. ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்து நிற்பவர்கள். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி, ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் போகிறவர்கள் இவர்கள். வண்டலூர்-கேளம்பாக்கம் சாலை வழியாகச் சிறுசேரிக்குப் போய் அமெரிக்க நேரத்தில் வேலை பார்ப்பவர்களும் இதே தெருக்களில்தான் குடியிருக்கிறார்கள். இந்த வாரம் காலை ஷிப்ட், அடுத்த வாரம் நைட்.

நம் உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் 24 மணி நேரக் கடிகாரம் ஒன்று ஓடுகிறது. அது எப்படி ஓடுகிறது என்பதைக் கண்டறிந்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலை வெளிச்சம் பட்டதும் ‘விழித்திரு’ என்று உத்தரவிடும் அந்தக் கடிகாரத்தை எதிர்த்துத்தான் நைட் ஷிப்ட்காரர் காலை எட்டு மணிக்குப் படுக்கிறார். வெளியே தண்ணீர் கேன் வண்டி, குக்கர் விசில், பக்கத்து மனையில் டைல்ஸ் வெட்டும் மெஷின். எட்டு மணி நேரம் படுத்தாலும் அது இரவின் எட்டு மணி நேரம் ஆகாது. கடிகாரம் ஒத்துப்போகத் தொடங்கும்போது ஷிப்ட் மாறிவிடுகிறது.

வாரம் மாறும் ஷிப்ட்டை காலை, மாலை, இரவு என்ற வரிசையில் முன்னோக்கி நகர்த்தினால் உடல் ஓரளவு தாங்கும். பின்னோக்கி நகர்த்தினால் தாங்காது. இது தனி மனிதர் செய்யக்கூடியது அல்ல, நிர்வாகம் செய்ய வேண்டியது. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியதும், எதிர்ப்பு கிளம்பி, மே 1 அன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்ததும் நினைவிருக்கும். அன்று பேசப்பட்டது கூலியும் உரிமையும். தூக்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பேச வேண்டும். 12 மணி நேர வேலையோடு இரண்டரை மணி நேரப் பயணத்தைக் கூட்டினால், சமைத்து, குளித்து, குழந்தையின் முகம் பார்த்துத் தூங்க மிஞ்சுவது ஒன்பதரை மணி நேரம்.

மனசு சரியில்லாதபோது

உடம்பில் எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் வந்த பிறகும் அசதி தொடர்ந்தால், பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். விடியற்காலை மூன்று மூன்றரைக்கே விழிப்பு, பிறகு தூக்கமில்லை, எழுந்திருக்க மனமில்லை, பிடித்த சாப்பாடும் பிடிக்கவில்லை என்று இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். ‘சோம்பேறி’ என்று வீட்டில் வாங்கும் திட்டு அதை இன்னும் ஆழமாக்கும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

■ பெட்டிச் செய்தி: முதலில் எதைப் பார்ப்பது?
பெரிய ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ் தேவையில்லை. ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டி.எஸ்.எச்., சர்க்கரை, பி12, ரத்த அழுத்தம், இவற்றோடு மேலே உள்ள எட்டுக் கேள்விகள் போதும். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும், உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் குறைந்திருக்கலாம். காரணமின்றி எடை குறைவது, இரவில் வியர்த்துக் கொட்டுவது, மாலைக் காய்ச்சல், மூச்சிரைப்பு, கால் வீக்கம், நெஞ்சு வலி இருந்தால் காத்திருக்கக் கூடாது.

கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எத்தனையோ உயிர்களைக் காக்கும் வேலை அது. அதே வாசலில் நின்று இரண்டு கேள்விகள் கூடுதலாகக் கேட்டால் என்ன? ‘பகலில் கண் சொக்குகிறதா? தூக்கத்தில் மூச்சு நிற்பதாக வீட்டில் யாராவது சொன்னார்களா?’ செலவில்லை, கருவி வேண்டாம். ஒரு நிமிடம் போதும்.

இதைவிட அவசரமான இடம் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட அந்தப் பேருந்து முனையத்திலிருந்து ஒவ்வோர் இரவும் அரசு பஸ்களும் ஆம்னி பஸ்களும் திருச்சிக்கும் மதுரைக்கும் நெல்லைக்கும் கிளம்புகின்றன. உடல் வெப்பமும் விழிப்பும் மிகக் கீழே இறங்கும் பின்னிரவு மூன்று முதல் ஐந்து மணி வரை அந்த ஸ்டீயரிங் ஒருவர் கையில் இருக்கிறது. ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதிப் படிவத்தில் வலிப்பு உண்டா, மயக்கம் வருமா, நிறம் தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்று கேட்கிறார்கள். குறட்டையைப் பற்றி ஒரு வரி இல்லை. பிரிட்டனில் மூச்சுத் தடையால் பகலில் தூக்கம் வரும் ஓட்டுநர் அதை உரிம அலுவலகத்துக்குச் சொல்லியாக வேண்டும். வண்டி ஓட்டுவதை நிறுத்த வேண்டும். சிகிச்சையில் நோய் கட்டுக்குள் வந்ததும் திரும்ப ஓட்டலாம்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் இங்கே முக்கியம். ஓட்டுநர்களுக்குக் கண் பரிசோதனை முகாம் நடக்கும் அதே மேசையில் எட்டுக் கேள்விகளையும் ஓர் இஞ்ச் டேப்பையும் வைப்பது சுலபம். ஆனால் ‘ஆமாம்’ என்று சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் இருக்கும்வரை எந்த ஓட்டுநரும் உண்மையைச் சொல்ல மாட்டார். சிகிச்சை எடுத்துத் தேறியவருக்கு வண்டி மறுக்கப்படாது, மெஷின் வாங்க உதவி உண்டு என்று போக்குவரத்துக் கழகங்களும் ஆம்னி பஸ் உரிமையாளர்களும் எழுத்தில் தர வேண்டும். அரசு அதை விதியாக்க வேண்டும்.